கொச்சி ரூபி அம்மையார்

ஜாதி என்பது இந்து மதத்துக்கு மாத்திரமே உரிய நோய் என்றும், அந்தக் கூரையை விட்டு வெளியேறி வேறு எந்தக் கூரையின் கீழ் போய் நின்றுகொண்டாலும் நோய் தானாகவே தீர்ந்துவிடும் என்றும் நம்மில் பலர் நம்பிக்கொண்டு இருக்கின்றார்கள். அப்படி நம்புகிறவர்களுக்கும், நம்பாதவர்களுக்குங்கூட, ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இவ்வாரம் எடுத்துச் சொல்ல ஆசைப்படுகின்றோம். அவர் இந்துவல்ல, கிறிஸ்தவரல்ல, முஸ்லிமுமல்ல. அவர் ஒரு யூதப் பெண். பெயர் ரூபி டேனியல். 1912ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கொச்சியில் பிறந்து, 2002ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், தமது 89ஆம் வயதில், இஸ்ரேல் தேசத்தில் காலமானவர்.

இதை எழுதப்போகிறோம் என்று சொன்னவுடனேயே களியக்காவிளைச் சந்தைப் பக்கத்து டீக்கடையில் ஒரு தோழர் நம்மைப் பிடித்துக்கொண்டார். “யூதருக்கும் நமக்கும் என்ன அய்யா சம்பந்தம்? நம் ஊரில் யூதன் ஒருவனாவது உண்டா?” என்று கேட்டார். இல்லைதான். ஆனால் நம் ஊர் எல்லையைத் தாண்டி, பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து வடக்கே அந்த ரஸ்தாவிலேயே போய்க்கொண்டிருந்தால் கொச்சி வந்து சேரும். 1956 நவம்பர் முதல் தேதி வரையில் நாமும் அந்த மலையாள அரசாட்சியின் கீழ்தான் இருந்தோம். அங்கே என்னென்ன அக்கிரமம் நடந்ததோ அதன் உடன்பிறந்த அக்கிரமங்கள் இங்கேயும் நடந்திருக்கின்றன. ஆதலால் சம்பந்தம் உண்டு என்பதை, இதைப் படித்து முடித்த பிறகு அந்தத் தோழரே ஒப்புக்கொள்ளுவார் என்று நம்புகின்றோம்.

முதலில் கொச்சி யூதர்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே, சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்திருக்கிறான். நம் நாட்டுப் பழைய வட்டெழுத்தில் எழுதிய சாசனம் அது. குடை பிடித்துக்கொள்ளலாம், பல்லக்கில் போகலாம் என்பன போன்ற 72 உரிமைகளை அது கொடுத்தது. குடை பிடிக்கவும் பல்லக்கில் போகவும் ஒரு மனிதனுக்கு அரசன் சாசனம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தச் சாசனம் கிடைக்காத லட்சக்கணக்கான மக்களின் நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

பிற்காலத்தில், 1492இல் ஸ்பெயின் தேசத்திலிருந்து யூதர்கள் அடியோடு விரட்டப்பட்டார்கள். அப்படி விரட்டப்பட்டவர்களில் சிலரும், இன்னும் பல தேசத்து யூதர்களும் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்குப் பரதேசி யூதர்கள் என்று பெயர். நம் ஊரில் பரதேசி என்றால் திருவோடு ஏந்துகிறவன் என்று அர்த்தம். கொச்சியிலோ அயல் தேசத்திலிருந்து வந்தவன் என்று அர்த்தம். கொஞ்ச காலத்தில் அந்தப் பரதேசி என்ற பெயரே அங்கு உயர்ஜாதிப் பட்டமாகிவிட்டது. வந்தவர்கள் தங்களை வெள்ளை யூதர் என்று அழைத்துக்கொண்டு, முன்பே அங்கு இருந்தவர்களைக் கறுப்பு யூதர் என்று ஒதுக்கினார்கள். 1568இல் மட்டாஞ்சேரியில், அரசனின் அரண்மனையை ஒட்டினாற்போல், தங்களுக்கென்று ஒரு ஜெப ஆலயத்தையும் கட்டிக்கொண்டார்கள். ஜூதப்பள்ளி என்று மலையாளத்தில் சொல்லுவார்கள். சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள் பதித்த தரையைக் காண இன்றும் உல்லாசப் பிரயாணிகள் அங்கே குவிகின்றார்கள்.

அந்தத் தரையின் அழகைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்தத் தரையின் மேல் யார் யார் எங்கெங்கே உட்காரவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்த சங்கதி தெரியும்?

பரதேசி யூதர்களின் வீட்டில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தார் என்று சொல்லப்பட்ட ஒரு கூட்டத்தார் அங்கு இருந்தார்கள். அவர்களுக்கு எபிரேய மொழியில் “மெஷுஹ்ராரிம்” என்று பெயர் வைத்திருந்தார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்று அதற்கு அர்த்தம். பெயர் விடுதலைப் பெயர்தான். ஆனால் நிலைமையோ, அதே வேதத்தைப் படிக்கலாம், அதே சனிக்கிழமை ஓய்வை அனுஷ்டிக்கலாம், அதே உண்டியலில் காசு போடலாம். அந்த ஜெப ஆலயத்திற்குள் பெஞ்சில் மட்டும் உட்காரக்கூடாது! முன்னறையிலோ தரையிலோ உட்காரவேண்டும். வேதத்தை வாசிக்க மற்றவர்களைப்போல் அழைக்கப்படமாட்டார்கள். பெண் கொடுப்பதும் இல்லை. பெண் எடுப்பதும் இல்லை. செத்தால் புதைப்பதற்கும் அதே இடம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக, நூற்றாண்டுக் கணக்கில் இப்படி நடந்தது.

ரூபி அம்மையார் இந்தக் கூட்டத்தில் பிறந்தவர். அடிமை வம்சம் என்ற அந்தப் பட்டமே உயர்ந்த பெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டது என்பது அவர் குடும்பத்தார் கட்சி. நாம் அந்த வம்சாவளி ஆராய்ச்சிக்குள் நுழையப்போவதில்லை. ஏனென்றால், ஒருவனுடைய பாட்டன் அடிமையாக இருந்தான் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதற்காக வெட்கப்பட வேண்டியவன் அடிமையின் பேரனா, அடிமையை வைத்திருந்தவனுடைய பேரனா என்பதுதான் நமது கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், யூத வேதமும் யூத மதத் தலைவர்களும் இந்த வித்தியாசத்தை ஏற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இந்த வழக்கு கெய்ரோ நகரத்தில் இருந்த டேவிட் இப்னு ஸிம்ரா என்ற பெரிய மத பண்டிதரிடம் போயிற்று. முறைப்படியான முழுக்குச் சடங்கு ஒன்றைச் செய்துகொண்டால் அவர்கள் மற்ற யூதர்களுக்குச் சமமே, அவர்களோடு கொள்வினை கொடுப்பினை செய்யலாம் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்பு வந்தது, பெஞ்சு மாத்திரம் நகரவில்லை. வேதம் இடம் கொடுக்காவிட்டாலும் ஜாதிக்கு வேறு ஆதாரம் எப்போதும் கிடைக்கும். பணம் அதற்கு ஆதாரம். அரண்மனைச் செல்வாக்கு ஆதாரம். பக்கத்து வீட்டு நம்பூதிரியும் நாயரும் என்ன நினைப்பார்களோ என்ற பயம் ஆதாரம். சுற்றிலும் ஜாதி ராஜ்யம் நடக்கும்போது, நமக்கும் கீழே ஒருவன் இருந்தால்தான் நாம் மேலே இருப்பதாக அர்த்தம் என்ற புத்தி வந்துவிடுகிறது. ஸ்பெயினில் தாங்கள் பட்ட அடியின் தழும்பு ஆறுவதற்கு முன்பே, இங்கே வந்து இன்னொருவனைத் தரையில் உட்கார வைத்தவர்களுடைய யோக்கியதையைப் பாருங்கள்.

நிற்க. இந்தக் குடும்பத்தில் பிறந்த பெண் என்ன ஆனார் என்பதைப் பார்ப்போம்.

தகப்பனார் எலியாஹு ஹாய் டேனியல், படகுத் துறையில் டிக்கட்டு விற்றவர். தாயார் பெயர் லேயா. மூன்று பிள்ளைகளில் ரூபி மூத்தவர். தாயைப் பெற்ற பாட்டனார் எபிரேய மொழி படித்தவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். பாட்டியாரோ பழைய கதைகளுக்கும் பாட்டுகளுக்கும் ஒரு களஞ்சியம். பெண் குழந்தைக்கு எழுத்து எதற்கு என்று மற்ற வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்த வீட்டார் பெண்ணை எர்ணாகுளம் செயிண்ட் தெரேசா கன்னியர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். கல்லூரியிலும் ஒரு வருஷம் படிக்க வைத்தார்கள். டிக்கட்டு விற்கிறவருடைய சம்பளத்தில் மகளைக் கல்லூரி வாசல் வரையில் கொண்டு போனார்கள் என்பதை, பத்து ஏக்கர் ரப்பர் வைத்துக்கொண்டு, பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டு நகை சேர்க்கும் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

அம்மையார் பிறகு அரசாங்க உத்தியோகத்தில் குமாஸ்தாவாகப் பல வருஷம் இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1944 முதல் 1946 வரையில், ராயல் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து பணிசெய்தார். மலையாளப் பெண்களில் கடற்படை உடுப்பு அணிந்த முதல் பெண் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. ஜெப ஆலயத்தில் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று ஒதுக்கிய குலத்துப் பெண், ஒரு சாம்ராஜ்யத்தின் கடற்படையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தார். கடற்படைக்குத் தேவையானது வேலை செய்யும் கை. ஜெப ஆலயத்துக்குத் தேவைப்பட்டதோ பிறப்புச் சீட்டு!

இதே காலத்தில் ஜெப ஆலயத்துக்குள்ளும் ஒரு போர் நடந்துகொண்டு இருந்தது. அதை நடத்தியவர் தோழர் ஆபிரகாம் பாராக் சாலேம் (1882–1967). இவரும் அந்த ஒதுக்கப்பட்ட கூட்டத்தவர். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். கொச்சி சட்டசபையில் அங்கத்தினராயிருந்தவர். தொழிலாளிகளுக்காகவும் சமஸ்தான மக்களுக்காகவும் மேடையேறிப் பேசியவர். யூத காந்தி என்று இவருக்குப் பெயர். ஊரில் சட்டசபை அங்கத்தினர், ஜெப ஆலயத்திலோ தரை! இந்த அவமானத்தை அவர் வாய்மூடிச் சகித்துக்கொள்ளவில்லை. வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இலும் 1925இலும் நடந்த சத்தியாக்கிரகத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். பெரியாரும் நாகம்மையாரும் அதில் கலந்துகொண்டதையும் அறிவார்கள். அதே ஆயுதத்தைத்தான் சாலேம் தமது ஜெப ஆலயத்துக்குள் எடுத்தார். ஒரே நாளில் வெற்றி வரவில்லை. வருஷக்கணக்கில் முணுமுணுப்பும் பிடிவாதமுமாக இருந்து, ஒவ்வொரு தடையாகத் தளர்ந்தது. திருவாங்கூரில் 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த அந்தக் காலத்திலேதான், மட்டாஞ்சேரியில் யூதர் ஜெப ஆலயத்துக்குள்ளும் யூதர் நுழையப் போராடிக்கொண்டு இருந்தார்கள் என்றால் இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

சாலேம் வக்கீல், மேடைப் பேச்சாளர், ஆண். அவருடைய போர் பத்திரிகையில் வந்தது, சரித்திரத்தில் ஏறியது. ரூபி அம்மையாருடைய போர் வேறு விதமானது. அதைச் சொல்லுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினோம்.

யூத வழிபாட்டில் ஒரு பழைய விதி உண்டு. வயதுவந்த ஆண்மக்கள் பத்துப் பேர் கூடினால்தான் முழு வழிபாடு நடத்தலாம். ஒன்பது ஆணும் நூறு பெண்ணும் இருந்தாலும் கணக்கு ஒன்பதுதான். பெண்கள் மாடத்தில் உட்காரவேண்டும். ஆகவே தாழ்த்தப்பட்ட கூட்டத்து ஆணுக்கு ஒரு கீழ்நிலை என்றால், அந்தக் கூட்டத்துப் பெண்ணுக்கு இரண்டு கீழ்நிலை.

ஆனால் இந்தப் பெண்களிடம் ஆண்களுக்குத் தெரியாத ஒரு சொத்து இருந்தது. மலையாளத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகள். கலியாணப் பாட்டு, பிள்ளைப்பேற்றுப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, ஊர் ஜெப ஆலயம் கட்டிய கதைப் பாட்டு என்று எல்லாம் மலையாளத்தில். எபிரேய வழிபாடு ஆண்களுக்கு. மலையாளப் பாட்டு பெண்களுக்கு. பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் தங்கள் கையால் எழுதி, தாய் மகளுக்கும் பாட்டி பேத்திக்கும் கொடுத்து வந்தார்கள். இதிலே நாம் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பரதேசி ஜெப ஆலயத்துப் பெண்களும், கடவும்பாகம், தெக்கும்பாகம், பரூர் முதலிய மற்ற ஜெப ஆலயத்துப் பெண்களும் எழுதிவைத்த நோட்டுகளில் ஒரே பாட்டுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. ஆண்கள் பெஞ்சைப் பிரித்தார்கள், இடுகாட்டைப் பிரித்தார்கள், பெண்களுடைய பாட்டைப் பிரிக்க அவர்களால் முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் ஒரே ராகந்தான் கேட்டது.

1951இல் அம்மையார் இஸ்ரேலுக்குக் குடியேறினார். ஆயிரம் வருஷத்து ஊரை விட்டு, அந்தப் பத்து வருஷத்துக்குள் கொச்சி யூதர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் ஏறிவிட்டார்கள். அங்கே போனபிறகாவது எல்லோரும் சமமா என்றால், அதுவும் இல்லை. யானைக்கால் வியாதி இருக்கும் என்று சந்தேகம் சொல்லி, கொச்சியாரை அழைத்துக்கொள்ளவே அந்த நாட்டு அதிகாரிகள் காலம் தாழ்த்தினார்கள். வந்தவர்களைப் பெரும்பாலும் வறண்ட பூமியிலும் எல்லைப்புறத்திலும் உள்ள புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். அம்மையாரோ வடக்கே கலிலேயாவில் நெயோட் மொர்தெகாய் என்ற கூட்டுப் பண்ணையில் சேர்ந்தார். சொத்து பொது, உழைப்பு பொது, அடுக்களை பொது என்ற கொள்கையுடைய பண்ணை அது. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நடத்தியது. மத ஆசாரம் இல்லாதது. அந்த வெள்ளை முகங்களுக்கு நடுவே கொச்சிக் கறுப்பு முகமாய்த் தமது எஞ்சிய அரை நூற்றாண்டையும் கழித்தார்.

ஆரம்பத்தில் அவர் யாரிடமும் அதிகம் பேசியிருக்கமாட்டார். ஆனால் எழுபது வயதை எட்டிய காலத்தில், சாதாரணமாக மனிதர்கள் மருந்துப் புட்டியையும் ஜெப மாலையையும் எடுக்கும் வயதில், இந்த அம்மையார் பேனாவை எடுத்தார். 1982 முதல் 1999 வரையில் 120க்கு மேற்பட்ட பெண்கள் பாட்டுகளை மலையாளத்திலிருந்து இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அமெரிக்க ஆராய்ச்சியாளரான பார்பரா ஜான்சன் என்ற பெண்மணியோடு சேர்ந்து, தம் பாட்டியும் அத்தைமாரும் சொன்ன கதைகளையும் தாம் கண்டதையும் எழுதினார். 1995இல் “கொச்சியின் ரூபி” என்ற பெயருடன் இங்கிலீஷில் புத்தகமாக அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 82. கொச்சி யூதப் பெண்களிலே புத்தகம் வெளியிட்ட முதல் பெண் அவரே. 1999இல், பாட்டன் பாட்டிமாரிடம் கற்றுக்கொண்டவை என்ற கருத்துப்பட இன்னொரு புத்தகமும் எழுதினார்.

அந்த வேலை அவரோடு நிற்கவில்லை. அவர் தொடங்கிவைத்த மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் நோட்டுப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 2004இல் எருசலேம் ஹீப்ரு சர்வகலாசாலையார் அந்தப் பாட்டுகளில் சிலவற்றை ஒலித்தட்டாக வெளியிட்டார்கள். 2005இல் மலையாள அறிஞர் ஸ்கறியா ஸக்கறியாவும் ஓஃபிரா கம்லியேல் என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, எபிரேய மொழிபெயர்ப்புடன் ஒரு பாட்டுத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? “கார்குழலி”. எருசலேமில் அச்சான புத்தகத்துக்கு, நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு வைக்கத்தக்க பெயர்!

இனி, இதைப் படிக்கின்றவர்களில் சிலர் எழுப்பக்கூடிய ஆட்சேபணைகளுக்கு வருவோம்.

“அந்த அம்மாள் கடவுளை நம்பியவராயிற்றே, பகுத்தறிவுப் பத்திரிகையில் அவருக்கு என்ன இடம்?” என்று கேட்கலாம். நம்பியவர்தான். அவர் எழுதிய கதைகளில் பேயும் உண்டு, அற்புதமும் உண்டு. அவற்றை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டதாக வேஷம் போடவும் போவதில்லை. ஆனால் ஒருவரிடம் நமக்கு வேண்டியது உண்மை. தம் சொந்த மதத்தார், தம் சொந்த ஜெப ஆலயத்தில், தம் சொந்தக் குடும்பத்துக்குச் செய்த அநியாயத்தை மறைக்காமல், பூசி மெழுகாமல், பெயர் போட்டு அச்சில் ஏற்றிய பக்தர் ஒருவர், தம் ஜாதிக் குற்றத்தை மாத்திரம் மறைத்துவிட்டு மற்றவன் குற்றத்தைப் பேசும் பத்துப் பகுத்தறிவாளருக்குச் சமம் என்றே நாம் சொல்லுவோம்.

“இஸ்ரேலுக்குப் போனவரைப் பாராட்டலாமா?” என்றும் கேட்கலாம். அந்த நாடு ஏற்பட்ட 1948இல், அங்கேயே பிறந்து வளர்ந்த பாலஸ்தீன அரபு மக்கள் ஏழு லட்சம் பேர் அளவில் ஊரும் வீடும் இழந்தார்கள். அந்த அநியாயம் இன்றும் தீர்ந்தபாடில்லை. இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை. ஸ்பெயினில் விரட்டப்பட்டவன் கொச்சியில் வந்து இன்னொருவனைத் தரையில் உட்கார வைத்ததைக் கண்டித்த பேனா, இதைக் கண்டிக்காமல் விட்டால் அது பேனாவே அல்ல. அடிபட்டவன் என்ற காரணத்தால் ஒருவனுக்கு இன்னொருவனை அடிக்கும் பாத்தியதை வந்துவிடாது. ஆனால் ஒரு அரசாங்கத்தின் செய்கைக்கு, அந்த நாட்டுக் கூட்டுப் பண்ணையில் உழைத்து, தம் பாட்டியின் பாட்டை எழுதிவைத்த ஒரு கிழவியை நாம் பொறுப்பாளியாக்கிவிட முடியாது.

அது போகட்டும். கொச்சியைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்; விடவும் கூடாது.

கொச்சி ராஜ்யத்தில் அடிமைமுறை 1854இலும், நமது திருவாங்கூரில் 1855இலும் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதாவது, இன்று இதைப் படிக்கும் கிழவர்களின் பாட்டனுக்குப் பாட்டன் காலம். இந்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மனிதனை நிலத்தோடு சேர்த்து விற்றதும் வாங்கியதும் பாட்டிக் கதையல்ல, சரித்திரம். நம் பெண்மக்கள் மேலே ஒரு துணி போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதற்கு 1822இல் தொடங்கி 1859 வரையில் அடியும் உதையும் பட்டு, வீடு எரிந்து, சிறைபோய்ப் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைக் கலகம் என்று அதற்கு இப்போது பெயர். அந்தக் கலகத்தில் சந்தையில் துணி கிழிக்கப்பட்ட பெண் ஒருத்தியாவது தன் கதையைத் தானே எழுதிவைத்திருக்கின்றாளா? மிஷனெரி எழுதினார், திவான் எழுதினார், துரை எழுதினார். பட்டவள் எழுதவில்லை. எழுதப் படிக்க அவளை யார் விட்டார்கள்?

ஜாதி கிறிஸ்தவத்தில் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, பக்கத்து வடக்கன்குளத்தை ஞாபகப்படுத்துகின்றோம். அங்கே ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனி மண்டபங்கள், நடுவே சுவர். இந்த ஜாதிக்கு இந்தப் பக்கம், அந்த ஜாதிக்கு அந்தப் பக்கம் என்று ஒரு கோயிலே கட்டியிருந்தார்கள். கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. வேதம் மாறிற்று, செத்த பிறகும் ஜாதி மாறவில்லை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். மதம் மாறுவதால் மாத்திரம் ஜாதி போகாது. புது மதத்தின் வேதத்தில் ஜாதி இல்லையென்று காட்டுவதாலும் போகாது. கொச்சியில் கெய்ரோத் தீர்ப்பே காட்டியும் போகவில்லை. தரையில் உட்காரச் சொல்லப்பட்டவன், உட்காரமாட்டேன் என்று எழுந்திருந்தபோதுதான் பெஞ்சு நகர்ந்தது. அவன் எழுந்த கதையை, அவன் வீட்டுப் பெண் எழுதிவைத்தபோதுதான் அது மறக்கப்படாமல் நின்றது. எழுந்திருப்பது பாதி வேலை. எழுதிவைப்பது மற்றப் பாதி. எழுதாமல் விட்டால், இருபது முப்பது வருஷத்திலே பெஞ்சுக்காரனுடைய பேரன் வந்து, “எங்கள் காலத்தில் ஜாதியா? எல்லோரும் ஒன்றாக அல்லவா உட்கார்ந்தோம்!” என்று கூசாமல் சொல்லிவிடுவான். நம் பேரனும் அதை நம்பிவிடுவான்.

இன்று மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் உள்ளூரில் இல்லை. அந்த யூதத் தெருவிலே மிஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாரோடும் கலக்கமாட்டோம் என்று ரத்தத்தைக் காத்தவர்கள், கடைசியில் கூட்டத்தையே காக்க முடியாமல் போனார்கள். பெஞ்சுகள் இருக்கின்றன, உட்காரத்தான் ஆள் இல்லை. ஆனால் மாடத்துப் பெண்களின் பாட்டு இருக்கிறது. படகு டிக்கட்டு விற்றவர் மகள் எழுதிய புத்தகம் இருக்கிறது. எது நிலைத்தது என்று பாருங்கள்.

நமது இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளுகின்றோம். பெண் விடுதலை பேசாத கூட்டம் நம்மில் இல்லை. 1929 செங்கற்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தவர்கள் நாம் என்று பெருமையும் பேசிக்கொள்ளுகிறோம். ஆனால் நமக்கு வந்து சேரும் கூட்ட நடவடிக்கைகளை எடுத்துப் பார்த்தால் தலைவர், பேச்சாளர், நன்றி கூறியவர், மாலை போட்டவர் எல்லோரும் ஆண்கள்! அறுபது பேருக்குச் சோறு வடித்தவள் பெயர் ஒரு நாளும் வருவதில்லை. யூதர் பத்து ஆணை எண்ணி வழிபாடு நடத்துவதைப் பரிகாசம் செய்துவிட்டு, நாமும் ஆணை மாத்திரம் எண்ணி மாநாடு நடத்தினால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேலை கொடுக்கின்றோம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். உங்கள் வீட்டில் எண்பது வயதுப் பாட்டியோ, பெரியம்மையோ, அத்தையோ இருப்பார். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வழியில் நடக்க விடவில்லை? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை? எந்தக் கோயிலில், எந்த மாதாகோயிலில் எங்கே நிற்கச் சொன்னார்கள்? யார் வீட்டு முற்றத்தில் சிரட்டையில் காப்பி கொடுத்தார்கள்? அதற்கு அவர் என்ன பதில் சொன்னார்? நாற்று நடும்போது என்ன பாடினார்? அவர் சொல்லும் வார்த்தையிலேயே, தமிழும் மலையாளமும் கலந்த நம் ஊர்ப் பேச்சிலேயே, திருத்தாமல் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பெண்மக்கள் தாங்களே எழுதட்டும். வெட்கப்பட வேண்டியது நாமல்ல.

டிக்கட்டு விற்றவர் மகளால் எழுபது வயதுக்குமேல், கடல் கடந்த ஊரில், வேற்று மொழிக்காரர் நடுவே அது முடிந்தது. சொந்த ஊரில், சொந்தப் பாஷையில், பாட்டி பக்கத்திலேயே இருக்கும்போது நம்மால் முடியாதென்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாட்டி நாளைக்கும் இருப்பார் என்று மாத்திரம் யாரும் நினைத்துவிட வேண்டாம்.